வேலியில் முறுக்கிய வயர்

போன மாரியில் நடந்தது. நான் வாங்கிய பழைய அம்பிளிபயரில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். எர்த் கொடுத்தால் நிற்கும் என்று கேள்விப்பட்டு, பெட்டியின் தகட்டிலிருந்து வயர் இழுத்து, ஜன்னலோரமாகப் போகும் வேலி முட்கம்பியில் முறுக்கினேன். இரைச்சல் நின்றது. எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறைதான்.

மூன்றாம் நாள் மாலை, மழை விட்டதும் பாட்டுப் போட்டேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மனோன்மணி அக்கா நின்றார்.

"தம்பி, ரெண்டு நாளாய் என்ரை ஆடு வேலிக்குக் கிட்ட வருகுதில்லை. வேலியிலை நிக்கிற கிளுவங்குழையைக் கண்டால் தின்னப் பாஞ்சு வாறது, இப்ப தள்ளி நிண்டு கத்துது."

"ஏனக்கா?"

"ஆருக்குத் தெரியும்? நானே குழை முறிச்சுப் போடுறன்."

வேலியின் ஈரக் கிளைக்கு அக்கா கை நீட்டினார். அப்போதுதான் வயர் நினைவுக்கு வந்தது.

"அக்கா, கம்பியிலை கை வையாதேங்கோ!"

கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அக்காவின் கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது.

மறுநாள் பெட்டியைச் சோதித்த வயரிங்காரர் முகம் கறுத்துவிட்டது. "தகடு முழுக்கக் கரண்ட் ஒழுகுது. அதை நீங்கள் வேலிக்கெல்லோ குடுத்திருக்கிறியள்!"

இப்போது எந்தப் பெட்டி இரைந்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டு அவரைத்தான் கூப்பிடுகிறேன். அக்கா என்னை மன்னித்துவிட்டார். அந்த ஆடு மட்டும் இன்னமும் எங்கள் வேலிப் பக்கம் வருவதில்லை.