வாசித்துக் காட்டுபவருக்கு மட்டும் ஒரு வீணை

பழைய சாமானைக் கைப்பேசியில் விற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வியாபாரம் "இன்னும் இருக்கா?" என்ற கேள்வியில் தொடங்கி, பாதி நேரம் அதோடு முடிந்தும் போகும். இருக்கிறது என்று நாம் பதில் போட்ட நொடியில் எதிராளி மாயமாகிவிடுவார். அலமாரி, சைக்கிள், குழந்தை நாற்காலி என்று விற்று நொந்துபோன சகோதர சகோதரிகளே, நான் விற்க வந்தது வீணை. என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

முப்பது வருடம் நான் வாசித்த வீணை அது. இரண்டு வருடங்களுக்கு முன் இடது கையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் மடங்குகின்றன. காப்பிக் கோப்பையைப் பிடிக்கலாம், தந்தியை அழுத்தி இழுக்க முடியாது. சிங்கப்பூரில், செம்பவாங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறை மூலையில் வீணை உறைக்குள் கிடந்தது. தினமும் அதைத் துடைத்துவிட்டு நான் அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "வித்துடு சாரதா, யாராச்சும் வாசிக்கட்டும்" என்றார்.

சரி என்றேன். ஆனால் விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: வாங்குபவர் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். போவதற்கு முன் இந்த வீட்டில் ஒரே ஒருமுறை அதன் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதைப் படித்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "நீ வீணை விக்கிறியா, இல்ல மாப்பிள்ளை பாக்குறியா?"

அளவு நாடா

முதலில் செய்தி அனுப்பியவர் புதுவீடு வாங்கிய ஒருவர். வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. நீளம் எவ்வளவு என்றார். சொன்னேன். அகலம்? சொன்னேன். குடம் எவ்வளவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்? வீணையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று நானும் தரையில் உட்கார்ந்து அளவு நாடாவால் அளந்து அளந்து எழுதினேன். அடுத்து சுருதியைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தால், ஒரு சுவரின் படம் வந்தது. டிவிக்கு மேலே நீளமாக ஒரு காலித் தட்டு.

வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். வெகு நேரம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கடைசியில் பதில் வந்தது: "அக்கா, தந்தி இல்லாட்டியும் ஓகேலா, கலர் மட்டும் கொஞ்சம் டார்க்கா மாத்தித் தர முடியுமா?"

தேக்காவுக்குப் போன வீணை

இரண்டாமவர் சின்ன வயதில் பள்ளியில் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வர மாட்டாராம், செம்பவாங் ரொம்பத் தூரமாம். தேக்காவில், லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்திக்கலாம், அங்கேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன் என்றார். வாசிக்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அவர் சாங்கி விமான நிலையத்தில் வைத்து வாசிக்கிறேன் என்றிருந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். ரயிலில் ஒரு சீனப் பெரியவர் எழுந்து வீணைக்கு இடம் கொடுத்தார். அது உட்கார்ந்து வந்தது, நாங்கள் நின்றுகொண்டு வந்தோம். நியூட்டனில் ரயில் மாறி ஒருவழியாக வந்து சேர்ந்தால், தேக்காவுக்கு வந்த கூட்டம் முழுவதும் ஸ்டேஷன் வாசலில் எங்களைச் சுற்றிக்கொண்டுதான் போனது. "எந்தக் கோயில் கச்சேரிக்கா?" என்று நான்கு பேர் விசாரித்தார்கள். கடைசியில் நம் ஆள் வந்தார், முதுகுப் பையின் ஜிப்பைத் திறந்தபடியே. வீணையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஜிப்பை மூடினார். "போட்டோல சின்னதாதானே இருந்துச்சு ஆன்ட்டி, நான் யுகுலேலி, அந்தக் குட்டி கிட்டார் மாதிரின்னு நெனச்சேன்லா!"

நாற்பது படம், ஒரு சத்தம் இல்லை

அடுத்து ஒரு கல்யாணப் பெண், பட்டுப்புடவையும் நகையுமாக வீட்டுக்கே வந்தாள். கூடவே கேமராவோடு ஓர் ஆள். வாங்குவதற்கு முன் மடியில் வைத்துப் பார்க்கிறேன் என்றாள். வலமிடமாக மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள். நான் திருப்பி வைத்தேன். விரலை எங்கே வைப்பது என்று கேட்டாள். காட்டலாம் என்று என் கையை நீட்டினேன். விரல் மடங்கவில்லை. வாயால் சொல்லிக்கொடுத்தேன்.

கேமரா நாற்பது தடவையாவது கிளிக் என்றது. வீணையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தந்தியையாவது மீட்டிவிட்டுப் போம்மா என்று கெஞ்சிவிட்டேன். அவள் ஒப்பனை கலையாமல் சிரித்தபடி சொன்னாள்: "வாசிக்கவெல்லாம் வேணாம் ஆன்ட்டி, வாசிக்கிற மாதிரி இருந்தா போதும்."

அவள் போன பிறகு வீணையை உறைக்குள் போட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் அப்படியே தரையில் இருந்தது. சுற்றிச் சுற்றி நடந்தோம்.

டார்ச் லைட்டோடு வந்தவர்

ஈசூனிலிருந்து வந்தவர் விஷயம் தெரிந்தவர். அதுதான் வினை. டார்ச் அடித்து, தந்திக்கு அடியில் மெழுகில் பதித்த பித்தளைக் கம்பிகளை மெட்டு மெட்டாகப் பார்த்தார். மெழுகைச் சுரண்டிப் பார்த்தார். மேல் பக்கத்தில் ஒரு மெட்டில் மட்டும் தந்தி பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, "இது டிஃபெக்ட்" என்றார். எனக்கு அந்தப் பள்ளம் தெரியும். ஒரு வர்ணத்தில் ஒரு வரி வருடக்கணக்கில் எனக்குப் பிடிபடவே இல்லை. அலுவலகம் விட்டு வந்து தினமும் அந்த ஒரே இடத்தில் இழுத்து இழுத்து விழுந்தது அது.

வாசியுங்கள் என்றேன். நீங்கள் வாசியுங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தந்தி இறங்கிக் கிடக்கிறது என்று மழுப்பினேன். மனிதர் கைப்பேசியை வைத்துச் சுருதி சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு வருடம் கழித்து மடியில் அந்தக் கனம். வலது கை பழக்கத்தில் தானாகப் போய் மீட்டியது. இடது கை போய் மெட்டின் மேல் சும்மா கிடந்தது. வெறும் தந்தி மட்டும் அதிர்ந்தது. அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்து, அவளுக்குக் கை சரியில்லை என்றார். வந்தவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். டார்ச்சை அணைத்தார், உச்சுக் கொட்டினார். பிறகு சொன்னார்: "அப்ப உங்களுக்கு இது எதுக்கும்மா, கொஞ்சம் கொறச்சுக் குடுக்கலாமே?"

தேய்ந்த மெட்டு

அன்றைக்கே விளம்பரத்தை எடுத்துவிட இருந்தேன். அப்போதுதான் மறுபடியும் ஓர் "இன்னும் இருக்கா?" வந்தது. இருக்கிறது என்று கடனே என்று பதில் போட்டேன். இந்த முறை ஆள் மாயமாகவில்லை. ஜூரோங்கில் இருக்கும் நர்ஸ், பெயர் கவிதா. வாசித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது, தப்பு வந்தால் பரவாயில்லையா என்று கேட்டிருந்தார்.

காலை வேலை முடித்துச் சீருடையோடே வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்து, காதை வைத்தே சுருதி சேர்த்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரே சோபாவில் உட்கார்ந்தேன். தட்டுத் தடுமாறித்தான் ஆரம்பித்தார். இரண்டு இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் கை பழகிவிட்டது. முப்பது வருடமும் நான் இதை மடியில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்தேதான் கேட்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. ஐயோ, இத்தனை வருடமும் இதைக் கேட்டது என் வீட்டுக்காரர் மட்டும்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் அடுப்படி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

மேல் பக்கம் போன கவிதாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. குனிந்து பார்த்து, நகத்தால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். மெட்டை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வேண்டுமானால் விலையைக் குறைக்கிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என் இடது கையைப் பார்த்தார். நர்ஸ் அல்லவா, வந்தவுடனேயே பார்த்திருப்பார். "வேணாம்மா, இந்த எடத்துல நீங்க ரொம்ப ஆசையா வாசிச்சிருக்கீங்க, இது இப்படியே இருக்கட்டும்."

வீணை ஜூரோங் போய் ஒரு மாதம் ஆகிறது, இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் "இன்னும் இருக்கா?" என்று செய்தி அனுப்பி அந்தப் பெண்ணின் உயிரை வாங்குகிற ஆள் நான்தான்.