அக்கா இறக்கச் சொன்ன பிஞ்சுகள்

எங்கள் அன்பு அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராய் வேலை பார்த்தவன் நான். கடைசி மாதங்களில் உடன் இருந்ததால் நானே எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் கேட்டுக்கொண்டாள்.

அக்கா பனச்சமூட்டுக்கு அருகே பிறந்தார்கள். அப்பா சீக்கிரம் இறந்துவிட்டதால், சிறு வயதிலேயே அண்டியாபீஸ் எனும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கப் போனார்கள். கொட்டைத் தோட்டின் பால் பட்டு விரல்கள் கறுத்தன. அந்தக் கைகளால்தான் என்னை வளர்த்தார்கள், பிறகு தம் பிள்ளைகளையும்.

வீட்டின் பின்னால் ஒரு வரிக்கைப் பிலாவு உண்டு. சக்கை, அதாவது பலாக்காய், பிஞ்சாக இருக்கும்போதே, இது இன்னார் வீட்டுக்கு என்று அக்கா சொல்லிவிடுவார்கள். பழுத்ததும் அந்த வீட்டார் வந்து இறக்கிக்கொள்வார்கள். அக்கா தமக்கென்றும் ஒன்றைக் குறித்து வைப்பார்கள்.

கடைசி ஆண்டில் ஐப்பசி மழையும் இல்லை, கோடை மழையும் இல்லை. கிணற்றில் பாறை தெரிந்தது. மாம்பூ கருகி உதிர்ந்தது. பிலாவின் உச்சிக் கொம்புகள் காய்ந்தன. அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்ததும் அப்போதுதான். கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன்.

ஒரு நாள் காலை மரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி அமர்ந்து, பிஞ்சுகள் எல்லாவற்றையும் வெட்டி இறக்கச் சொன்னார்கள். அந்த வறட்சியில் காயையும் சுமந்தால் மரம் பட்டுப்போகும் என்றார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கம் ஓடி வந்தார்.

“எக்கா, அது எனக்க மவளுக்க சக்கையாக்கும்! வயித்துக்காரியிட்ட சொல்லிப்போட்டு இப்ப வெட்டுறியளே?”

“பிலாவு பிழைச்சா உனக்க பேரப்பிள்ளை பல்லு முளைச்சுத் தின்னும். இப்ப இதைக் கொத்தித் தேங்கா போட்டுத் துவரன் வையி, பிள்ளே.”

ஒவ்வொரு பிஞ்சையும் அதற்குரிய வீட்டில் கொடுத்தேன். சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவுக்குரியதை மட்டும் இலை மறைவில் விட்டுவிட்டு, எல்லாம் இறக்கியாயிற்று என்று பொய் சொன்னேன். அடுத்த சக்கைக்காலம் அவர்களுக்கு இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு சுளையாவது தின்னட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாளே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள்.

“எலே, அங்க தொங்குறது யாருக்குள்ளது?”

“உங்களுக்குள்ளதுதான்.”

“எனக்க நாக்குக்கு வேண்டிப் பிலாவக் கொல்லண்டாம், மக்கா.”

அதை வெட்ட நான் ஏறவில்லை. பத்து நாள் கழித்து அது தானே விழுந்தது. வெட்டிக் காட்டச் சொன்னார்கள். உள்ளே சுளையே பிடிக்கவில்லை, வெறும் நார்.

“கண்டியா? இதுக்காக்கும் நீ எனக்கிட்ட பொய் சொன்னது!” என்று சிரித்தார்கள்.

அதன்பின் அவர்கள் சொன்னபடியே செய்தேன். குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் சுமந்து, அடிமரத்தில் ஊற்றாமல், நிழல் விழும் விளிம்பில் ஊற்றிச் சருகால் மூடினேன். மழை வருமுன் அக்கா போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரத் தம்பிக்கும், ஜெபித்த சபையாருக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், சண்டை போட்ட மறுநாளே துணி அலசிய நீரை மதிலுக்கு மேலாகத் தூக்கித் தந்த தங்கத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த ஆண்டு உங்களுக்குத் தரச் சக்கை இல்லை. பிலாவில் துளிர் மட்டும் வந்திருக்கிறது. அது காய்க்கும்வரை நான் எங்கும் போகப்போவதில்லை.