பத்தாவது கல்

எங்கள் ஊர் ஓடையின் குறுக்கே ஒரு கல்பாலம் இருக்கிறது. கல்தூண்களின் மேல் பலகைக் கற்களைப் பரப்பியது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும்; எதிரே ஆடு வந்தால் மனிதர்தான் பின்வாங்க வேண்டும். கழுகுமலைக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன்பே இருந்தது என்பதைத் தவிர அதன் வயது யாருக்கும் தெரியாது. கல்வெட்டு கிடையாது. கட்டியவருக்குத் தன் பெயரைப் பொறிக்கத் தோன்றவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பாதுகாக்கலாம்.

கற்களின் விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருக்கும். மழை பெய்த மறுநாள் கரிசலில் நடந்தால் காலுக்கு ஒரு படி மண் அப்பிக்கொள்ளும். அதை வழித்துப் போட ஊருக்கே அந்த விளிம்புதான்.

போன வருடம் பாலத்தைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் குழாய் பதிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் வந்தாள். அவளுக்கு அக்கரையில்தான் உளுந்தும் ஆட்டுக்கு மேய்ச்சலும்.

“அண்ணாச்சி, கொழாய் பதிச்சா ரெண்டு மழைல கருவ முள்ளும் மண்ணும் வந்து அடைச்சுக்கிடும். பெறவு நான் எங்கன கூடிப் போறது? ரோட்டுப் பாலத்தச் சுத்துனா அரை நாளு போயிரும். நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தவிய. என்னமும் செய்யுங்க.”

செய்தேன். புல எண், வரைபட நகல், புகைப்படங்கள், நீளம், அகலம், கற்களின் எண்ணிக்கை பத்து என்று எல்லாம் குறித்து, பாலத்தைப் பழஞ்சின்னமாகப் பாதுகாக்க வேண்டும் என்று மனு அனுப்பினேன். மனு பரிசீலனையில் இருக்கும்வரை பாலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு கடிதமும் வாங்கினேன். வந்திறங்கிய குழாய்களில் ஊர் நாய்கள் குடியேறின. அந்தத் திட்டத்தால் பயன்பெற்றவர்கள் அவர்கள்தான்.

தை பிறந்ததும் தொல்லியல் துறையிலிருந்து அதிகாரி ஒருவர் டேப்போடு வந்தார். நல்ல மனிதர். பாலத்தை உண்மையாகவே ரசித்தார்.

“அருமையான சின்னம் சார். சிபாரிசு பண்ணிடுறேன். ரெண்டு பக்கமும் கம்பி வேலி, ஒரு கேட், ஒரு போர்டு. அப்புறம் யாரும் கால் வைக்க முடியாது.”

ஆடுகளோடு நின்றிருந்தவள் கேட்டாள்: “சாவி யாருகிட்ட சார் இருக்கும்?”

“ஆபீஸ்லம்மா.”

“ஆபீஸ் எங்கன இருக்கு?”

“தூத்துக்குடியில.”

“அப்போ ஆட்டத் தூத்துக்குடிக்குப் பத்திக்கிட்டுப் போயி, சாவிய வாங்கிட்டு வந்துதான் மேய்க்கணுமா?”

அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். இடிப்பவர்களிடமிருந்து காப்பாற்றி, பூட்டுபவர்களிடம் ஒப்படைத்திருந்தேன்.

அப்போதுதான் அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், பத்து கல்லுன்னு எழுதியிருக்கீங்க. ஒம்பதுதானே இருக்கு?”

பத்தாவது கல் எங்கள் பக்கத்துக் கரையில் மண்ணுக்குள் அமுங்கிக் கிடக்கிறது. கைத்தடியால் குத்தினால் ணங்கென்று கேட்கும். விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேலையில் இருந்த காலத்து நினைவு வந்தது.

“எண்ணிக்கை ஒத்துவரணும் சார்” என்றேன். “ஒத்துவரலேன்னா வருவாய்த் துறை, ஊராட்சி ஒன்றியம், உங்க துறை, மூணு பேரும் சேந்து நேர்ல வந்து தணிக்கை பண்ணணும். நாளைக்கு ஆடிட்ல உங்களத்தான் கேப்பாங்க.”

ஆடிட் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கூட்டுத் தணிக்கை தேவை என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்று அலுவலகங்களை ஒரே நாளில் ஓடைக்கரையில் நிறுத்துவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். நானே பலமுறை வராமல் இருந்திருக்கிறேன். ஒருவர் வரும் நாளில் இன்னொருவருக்குக் கூட்டம். இருவருக்கும் ஒத்துவந்தால் மூன்றாமவருக்கு மாறுதல். கோப்பு மட்டும் சாகக் கூடாது. செத்தால் குழாய்க்காரர்கள் வந்துவிடுவார்கள். அதனால் மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுகிறேன். மிகவும் வருத்தத்தோடு எழுதுவேன்.

ஒருநாள் அவள் கேட்டாள்: “நாலு வெட்டு வெட்டுனா பத்தாவது கல்லு தெரிஞ்சுரும்லா அண்ணாச்சி? இதுக்கு எதுக்கு மூணு ஆபீஸு?”

“தெரிஞ்சா கோப்பு முடிஞ்சுரும் தாயி. முடிஞ்சா கேட்டப் போட்டுருவான்.”

“நல்ல ஆபீஸுல இருந்திருக்கிய” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. மறுநாள் காலையில் வெள்ளம் வடிந்ததும் பாலத்தைப் பார்க்கப் போனேன். கரை அரித்து, பத்தாவது கல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. அவள் எனக்கு முன்பே வந்து, ஈரக் கரிசலை மண்வெட்டியால் வெட்டி அதன்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடுகள் ஒவ்வொன்றாகப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தன.

“என்ன தாயி செய்யுத?”

“கல்லு தெரியுது அண்ணாச்சி. எவனாவது வந்து எண்ணிப்புடப் போறான்.”

“நல்லா மிதிச்சு விடு.”

மிதித்தாள். பிறகு ஒன்பதாவது கல்லின் விளிம்பில் இரண்டு காலையும் வழித்துக்கொண்டு, ஆடுகளின் பின்னால் அக்கரைக்குப் போனாள். நான் வீட்டுக்கு வந்து அந்த மாதத்து நினைவூட்டுக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.