எண் போட்ட மரங்கள்

மரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதியிருந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏலம் விட்டாயிற்று, வெட்டப் போகிறார்கள். நன்னிலத்தில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. சாலையோரப் புளியமரங்கள் அப்படித்தான் போயின. ஆனாலும் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களே என்று டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கோடியக்கரைப் பக்கம் கிளம்பிவிட்டேன்.

இறால் பண்ணைக்காரர்கள் கடலோர நிலங்களை வளைத்துக்கொண்டிருந்த காலம். பட்டா நிலத்தில் காடு வைத்திருப்பவர்கள் அதை அழிக்காமல் இருந்தால், ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தின் திட்டம். காடு அப்படியே இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்ப்பது என் வேலை. மரத்துக்கு மரம் எண் போட்டு, சுற்றளவு எடுக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் கணக்கில் அந்தக் காடுகளுக்குப் பெயர் 'தரிசு'. பாலை மரமும் நாவலும் பின்னிக் கிடந்த அந்த இருட்டைத் தரிசு என்று எழுதிய புண்ணியவான் ஒரு நாளும் அங்கே கால் வைத்திருக்கமாட்டார்.

அதில் ஒரு காடு ஓர் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கணவர் குவைத்தில். கல்யாணமான மறு வருடமே போனவர், இடையில் ஒரே ஒரு தடவைதான் வந்தார். புறப்படும்போது "காட்டைப் பாத்துக்க" என்றாராம். ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா மாதா கோயிலிலிருந்து நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். போன் வரும். "எப்ப வர்றீங்க?" என்று இவர் கேட்பார். "பாப்போம்" என்பார் அவர். இதைச் சொல்லி அக்கா சிரிப்பார். எனக்குத்தான் அந்த மனுஷன்மேல் பற்றிக்கொண்டு வரும்.

எண் எழுதிய அன்று அக்காவே பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். பாலைப்பழக் காலம். தின்று தின்று எங்கள் இரண்டு பேர் உதடும் பிசினாக ஒட்டிக்கொண்டது. "அவருக்கு இந்தப் பழம்னா உசிரு. இதை எப்படிம்மா பார்சல் பண்றது?" என்றார். நான் சென்னைக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்த ஒரு முற்பகல் திரும்பக் கிடைக்காதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

விட்டுப்போன மரங்களை அளக்க மறு மாதம் போனபோது வாசலில் ஆண் செருப்பு கிடந்தது. அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஊர்லேருந்து போன ஆள் ஒருத்தரு, 'உன் காட்டுக்கு நம்பர் போட்டுட்டாங்க'ன்னு அங்க இவருகிட்ட சொல்லியிருக்காரு. போன்ல 'நெசமா?'ன்னாரு. 'ஆமா, போட்டிருக்காங்க'ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

"வெட்டுறதுக்கு இல்லன்னு சொல்லலியாக்கா?"

"அவரு கேக்கலியே!"

சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கார்லேருந்து இறங்குனவரு பெட்டியை வாசல்ல போட்டுட்டு நேரா காட்டுக்கு ஓடுனாரும்மா. நான் சொம்புத் தண்ணியோட நின்னேன். ஒவ்வொரு மரமாத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தாரு."

கணவர் நல்ல மனிதர்தான். விஷயத்தை நான் விளக்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். "எமர்ஜென்சி லீவு போட்டு ஓடிவந்தேன் மேடம். வித்துட்டாளோன்னு பயந்தே போயிட்டேன். இனிமே நிம்மதியா இருப்பேன்" என்றார். பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. லீவு முடிந்ததும், சொன்னபடியே நிம்மதியாகக் குவைத்துக்குத் திரும்பிப் போனார்.

ஐப்பசி கார்த்திகை மழையில் எண்கள் அழிந்துபோயின. தை பிறந்ததும் மறுபடி எழுதப் போனேன். அக்காவும் முன்போலவே டப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"போன் வந்துச்சாக்கா?"

"வந்துச்சே. காடு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

கடைசி மரத்துக்கும் எழுதி முடித்தேன். அக்கா டப்பாவைக் கீழே வைத்தார். வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு கையை என்முன் நீட்டினார்.

"இதுலயும் ஒரு நம்பர் போட்டுடும்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீட்டிய கையை எடுக்கவும் இல்லை.