எடை குறைந்த புடவை

கடைக்காரர் தருகிற பட்டு நூலில் ஈரம் ஏறி எடை கூடியிருந்தால், "மழைக்காலம்ப்பா, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள் எங்கள் தெருவில். அதே நூல் நெய்து திரும்புகையில் காய்ந்து எடை குறைந்திருந்தால், நெசவாளி "கை வச்சிட்டான்" என்பார்கள். ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். இந்த இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வரும்.

பக்கத்துத் தறியில் நெய்த என் கூட்டாளிக்கு அப்படித்தான் பெயர் விழுந்தது. அடைமழையில் வாங்கிய நூல். புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுபோனபோது நல்ல வெயில். கடையில் எடை குறைந்தது. காரணம் கடைக்காரருக்கும் தெரியும், கூடப்போன எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் தறிக்கும் நூல் தருகிறவர் அவர்தானே.

போலீசு, கேசு எதுவுமில்லை. டீக்கடை போதும். அவன் வந்தாலே யாராவது, "ஜேபியைப் பாத்துக்கோங்கப்பா" என்பார்கள். நானும் சிரித்தேன். முதலில் அவனும் சிரித்தான். பிறகு எந்தக் கடையும் அவனுக்கு நூல் தரவில்லை. போளூரில் ஒரு பழக்கடை வேலைக்குப் போய்விட்டான்.

அந்தத் தறிக்கு வேறு ஆள் வந்தார், நல்ல மனுஷர். ஆனால் இழை அறுந்தால் என் கூட்டாளி திட்டுகிற திட்டில்கூட ஒரு ராகம் இருக்கும். இன்றைக்கும் என் தறியில் இழை அறுந்தால் காது அந்தப் பக்கம் போகிறது.

போன மாசம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு போளூருக்கு பஸ் ஏறினேன். அன்றைக்கு நான் பேசாமல் நின்றதைச் சொல்லி அழுதேன். அவன் கொய்யாப்பழம் அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"வரேன்டா. ஆனா உன் வீட்டுல ஒரு சொம்பு காணோம்னாலும் என்னைத்தான் பாப்பாங்க. அப்ப இன்னா பண்ணுவ?"

"நான் பேசுவேன்டா" என்றேன்.

வந்தான். சாப்பிட்டான். தாம்பூலப் பையோடு அவன் கிளம்புகையில் டீக்கடையில் உட்காருகிற ஒருத்தர், "பையை ஒரு தடவை பாத்துடுங்கப்பா" என்றார். சுற்றிலும் சிரிப்பு. அவன் பையை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தான்.

முதல் வரிசையில் நூல் தருகிற கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவன் வாசலைத் தாண்டிய பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அன்னிக்குக் குறைஞ்சது ஈரம்தான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

சிரிப்பு நின்றது. கடைக்காரர் தன் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே ஓடினேன். அவன் ஏறின போளூர் பஸ் தெருமுனையில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா, தெரியவில்லை. போனில் கேட்கலாம். கேட்டால் விழுந்தது என்றுதான் சொல்வான், என் மனசு நோகக் கூடாதென்று.