முத்துக்கனிக்குக் கிடைத்த காசு டப்பா

என் வீட்டுக்காரி முத்துக்கனிக்குச் செத்துப்போன அப்பா மேல் மூன்று வருஷமாகக் கோபம். தேரூரில் இருந்த வீடும் வயலும் தம்பி ராஜகுமாருக்கு. இவளுக்கு ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் என் மாமனார் சுடலையாண்டி ஆயுசெல்லாம் சேர்த்த பழைய காசுகள்.

"பிள்ளையின்னா அவருக்கு அவன்தான். நான் டப்பாவுக்குத் தகுந்தவ," என்று இட்லி மாவு அரைக்கும்போதெல்லாம் கிரைண்டரிடம் புலம்புவாள். அவள் மாவு விற்றுத்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது என்பதால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஊரில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். மாவு புளித்துப்போச்சு என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், தெரியும். ஆனால் அப்பா பேச்சு வந்தால் மட்டும் குரல் கம்மிவிடும்.

போன மாதம் கிரைண்டர் மொத்தமாக மண்டையைப் போட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வடசேரியில் பழைய காசு வாங்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, "முப்பதாயிரம் தரலாம்," என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அவரோ காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொன்காசு எங்கம்மா? திருவிதாங்கூர் காலத்துது. உங்கப்பாக்கிட்ட எத்தன தடவ கேட்டு நடந்திருக்கேன் தெரியுமா? இது மொத்தத்துக்கும் அஞ்சு மடங்கு போவும்."

முத்துக்கனியின் முகம் வெளுத்தது. "மஞ்சத் துணியில முடிஞ்சு கெடந்ததா அண்ணாச்சி? அது நேர்ச்சைக் காசுல்லா! சாமிக்க காச வீட்டுல வைக்கப்பிடாதுன்னு, அவுத்துப் பாக்காம முத்தாரம்மன் உண்டியல்ல போட்டுட்டேனே."

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி, ஒரு முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரமாகும்!

கடைக்காரர் சிரித்தார். "அப்போ போவேண்டிய எடத்துக்குப் போயாச்சு. சின்னதுல உனக்கு டைஃபாய்டு வந்து டாக்டர் கைவிரிச்ச அன்னைக்கு உங்கப்பா நேர்ந்து முடிஞ்சதாம். ஒரு ரூவா முடிஞ்சாப் போராதான்னு நான் கேட்டேன். 'எனக்கிட்ட உள்ளதுல பெரிசு அதுதான். கொறஞ்சதக் குடுத்து மகளக் கேக்க மனசு வரல்ல'ன்னாரு. கோயிலுக்குக் கொண்டுபோறது மட்டும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போச்சு."

"ஏட்டி, உண்டியல் தொறக்கும்போ கமிட்டியில சொல்லி, வேற காசு போட்டு அத வாங்கிரலாம்," என்றேன்.

"சும்மா இரியும்! எனக்க உயிருக்குக் குடுத்தத நானே போய்த் திரும்பக் கேக்கணுமா?" என்று சீறினாள். சீறிக்கொண்டே அழுதாள். கடை என்றும் பார்க்கவில்லை, ஆள் நிற்கிறது என்றும் பார்க்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது.

முப்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு நேரே போய்ப் புதுக் கிரைண்டருக்குப் பணம் கட்டினோம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் என் போனைப் பிடுங்கி, மூன்று வருஷமாகப் பேசாத தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏலே ராஜகுமாரு, அக்காளாக்கும். அப்பாக்க போட்டோ எனக்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல மக்கா. ஒண்ணு கொண்டு வாலே."