ஒரு முழு எலிக்காக டிக்கோயா வரை

போன வருஷம் ஐப்பசியில் நான் அட்டன் பக்கம் போனது மலை பார்க்க அல்ல, எலி கொண்டு வர. சிரிக்காதீர்கள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளன் நான். எலி, தெள்ளுப்பூச்சி, கண்ணாடிச் சில்லு, இதுதான் என் பிழைப்பு. கீழ்நாட்டில் மலேரியா ஜனங்களை அள்ளிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகவில்லை. அடுத்த கொள்ளைநோய் வருமுன் வைத்தியர், சுகாதாரக்காரர், மாட்டு வைத்தியர், தோட்டத்துரை, அரிசிக் கடைக்காரர் எல்லோரும் கலந்து பேசி முன்னேற்பாடு செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. மூன்று மொழியில் அழகாக அச்சடித்திருந்தார்கள். எல்லோரும் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரை எழுதவில்லை, அங்குள்ள துரைக்கு என் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தத் தோட்டத்து அரிசி ஸ்டோரில் எலிகள் செத்து விழுந்தன. அங்கே மூட்டை தூக்கும் சடையன் என்பவருக்குக் காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. பிளேக் என்று பயந்துவிட்டார்கள். பயம் நியாயம்தான். துறைமுகத்து அரிசியோடு எலி வரும், எலியோடு அந்தச் சனியனும் வரும். நெறியிலிருந்து ஊசியில் எடுத்த நீரை எங்களுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. செத்த எலி ஒன்று முழுசாக வேண்டும் என்றார் எங்கள் பெரியவர். மூன்று தந்தி அடித்தோம். மூன்று தடவையும் பார்சலில் வந்தது வால். வெறும் வால், கீரைக்கட்டு மாதிரி நூல் சுற்றி. அதற்குப் பிறகுதான் என்னை அனுப்பினார்கள்.

கோட்டையில் ரயில் காலை ஏழே காலுக்கு. மூன்றாம் வகுப்பு இரண்டு ரூபாய் இருபத்தைந்து சதம், தூரம் நூற்றெட்டு மைல். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடுகண்ணாவையில் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். என் மடியில் மூடி போட்ட தகர டப்பா. எதிரே இருந்தவர் முறுக்கா என்று கேட்டார், எலிக்கு என்றேன், அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறிவிட்டார். நாவலப்பிட்டியில் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள், அதற்குள் டீ குடித்துவிடலாம். பன்னிரண்டே முக்காலுக்கு அட்டன். மழை.

டிக்கோயா நான்கு மைல், பஸ்ஸுக்குப் பதினைந்து சதம். நிறைந்தால்தான் கிளம்பும், முக்கால் மணி நேரம் உட்கார வைத்தான். அப்புறம் தோட்டம் வரை இரண்டரை மைல் ஏற்றம், நடைதான். அட்டைக்கு ஒரே மருந்து சோப்பு, முழங்கால் வரை ஈரமாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். நான் கார்பாலிக் சோப்பு இரண்டு கட்டி வைத்திருந்தேன், ஒன்று காலுக்கு, ஒன்று உபரிக்கு. மூன்றே காலுக்கு மேலே போய்ச் சேர்ந்தேன்.

முதலில் கண்டாக்கு ஐயா, அதாவது தோட்டத்து வேலைகளை மேய்ப்பவர். என்னைக் கண்டதும் பெருமையாக ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். அதிலும் வால்! காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கூப்பிடும் இடத்துக்கு, ஒவ்வொரு லயத்து, அதாவது வரிசை வீட்டு, ஆட்களும் தாங்கள் கொன்ற எலிகளின் வாலைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். உடலைக் குழியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட வேண்டுமாம், அது சுகாதார இன்ஸ்பெக்டரின் உத்தரவு. வாலில் பிளேக் பார்க்க முடியாது ஐயா, உடல்தான் வேண்டும் என்றேன். வால் இருந்தால்தானே அவருக்குக் கணக்கு! உடலைப் பற்றி டிஸ்பென்சரைக் கேளுங்கள் என்று விட்டார்.

டிஸ்பென்சர், தோட்டத்தில் மருந்து கொடுப்பவர், நல்ல மனுஷர், வெள்ளைக் கோட்டு, சுத்தமான மேசை. மனுஷர் மட்டும்தான் அவர் பொறுப்பாம், எலி கண்டாக்கு பொறுப்பாம். சடையனை மேட்டில் ஒரு பழைய கொட்டகையில் தனியாக வைத்திருந்தார். எங்களிடமிருந்து கடிதாசி வரும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. வாசலில் ஒரு காவல்காரன், கஞ்சியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். நோயாளியை நீங்கள் பார்த்தீர்களா என்றேன். தினமும் பார்க்கிறேன் என்று பன்னிரண்டு அடி தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டோர் கிளாக்கரிடம் போனேன். மூட்டைதான் தன் பொறுப்பு என்றார். இதையும் எதிர்பார்த்தேதான் போனேன்.

ஸ்டோருக்குப் பின்னால் விளக்குமாறோடு ஒரு பெண் நின்றார். ராமாயி, லயத்து வாசக்கூட்டி. செத்த எலியைப் பொறுக்குவதே அவர்தான். மேட்டில் கிடக்கும் சடையனின் மனைவியும் அவர்தான். இரண்டையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"முழு எலிங்களா வேணும்?" என்று கேட்டுவிட்டு, கானோரம், சாக்கடைப் பக்கம், கவிழ்த்து வைத்திருந்த தகரத்தைத் தூக்கினார். சருகில் சுற்றி, வாலோடு, ஓர் எலி. கண்டாக்குக்குத் தெரியாமல் அன்று காலையில்தான் ஒளித்து வைத்தாராம். "வாலப் பாத்து என்னாங்க தெரியும்? மொதல்ல செத்தது ஸ்டோர் பூனை. பொறவுதான் எலிக. எல்லாம் பீலிக்கிட்டயே கெடக்குதுக, தண்ணிக்கு ஓடியாந்த மாதிரி."

பீலி என்றால் அங்கே குழாய்த் தண்ணீர் விழும் இடம். தாகமெடுத்துச் சாகிற எலி, அதற்கு முன்னால் பூனை. விஷம் வைத்தீரா என்று திரும்பிக் கிளாக்கரைக் கேட்டேன். ஆமாம், மாவு உருண்டையில் விஷம் வைத்தேன், ஸ்டோர் புத்தகத்தில் எழுதியும் இருக்கிறேனே என்றார், பச்சைப்பிள்ளை மாதிரி. யாரிடமாவது சொன்னீரா? யாரும் கேட்கவில்லையே! தொண்டை கிழியக் கத்தினேன், துரை பங்களா வரை கேட்டிருக்கும். டிஸ்பென்சரையும் இழுத்துவந்து அந்தப் புத்தகத்தைக் காட்டினேன். இருக்கலாம், ஆனால் கடிதாசி வரட்டும் என்றார்.

டப்பாவில் எலியை இடுக்கியால் வைத்து மூடியபோது ராமாயி கிட்டே வந்தார்.

"ஐயா, அவரு காலுல அட்ட கடிச்ச புண்ணுங்க. சீழ் வச்சிருச்சு, அதுலதான் நெறி கட்டியிருக்கு. சொன்னா யாரும் காது குடுக்க மாட்டேங்குறாங்க. என்னையும் உள்ள விட மாட்டேங்குறாங்க. நீங்க ஒருக்கா கழுவி விட்டுட்டுப் போனீங்கன்னா..."

பையில் சோப்பு இருந்தது, பஞ்சு இருந்தது, ஸ்பிரிட்டு இருந்தது. கையுறைகூட இருந்தது. காவல்காரன் என்னைத் தடுத்திருக்க மாட்டான். கடைசி பஸ் ஐந்தரைக்கு. அதை விட்டால் அட்டனுக்கு நான்கு மைல் நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நான் எலிக்கு வந்தவனம்மா. காலு டிஸ்பென்சர் வேலை" என்றேன்.

"சரிங்க" என்று விளக்குமாறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று அட்டன் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் தங்கினேன், சாப்பாட்டோடு எழுபத்தைந்து சதம், ரசம் பிரமாதம். மறுநாள் ஊர் திரும்பி எலியைக் கொடுத்தேன். மூன்று நாளில் முடிவு தெரிந்தது, பிளேக் இல்லை, விஷம்தான். அந்தக் கடிதாசி எங்கள் ஆபீஸிலிருந்து இன்னோர் ஆபீஸ், அங்கிருந்து துரை, துரையிடமிருந்து டிஸ்பென்சர் என்று போய்ச் சேரப் பதினொரு நாள் ஆயிற்று. அதன் பிறகுதான் சடையனைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தப்பியது. காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சித்திரையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது லயத்துக்கும் போனேன். சடையன் வாசலில் கட்டையை ஊன்றி நின்றார். ராமாயி சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத டீ, கொடுத்தார், கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். நான் குடித்து முடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "எலிக்கு நோவு ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்தீங்களாமே, ஐயா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

போகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், மழை குறைவு. குடை வேண்டாம், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்பி நேரம் குறிக்காதீர்கள். நோய் விஷயமாகப் போகிறவர்கள் ஆபீஸ் வாசலில் நிற்குமுன் வாசக்கூட்டியைப் பார்த்துப் பேசுங்கள். அட்டைக்குச் சோப்பு ஒரு கட்டி போதும். என் இரண்டாவது கட்டி உறைகூடப் பிரிக்காமல் கொழும்புக்கே திரும்பி வந்தது. என் மேசையில்தான் இருக்கிறது.